ரசீதக் குடு, கட்டுதேன்

பிப்ரவரி 3, செவ்வாய்

டிக்கெட் வந்துட்டு. மாப்ள செண்பகராஜ் மஸ்கட்ல இருந்து பணம் போட்டு, நம்ம பஜார் டிராவல்ஸ்காரன்ட்ட எடுக்கச் சொல்லிட்டாரு. வாற செவ்வாய்க்கிழமை காலைல பிளைட்டு. "ஏய், இதுக்கு மேல எங்கயும் எதுவும் கட்டணுமா?"ன்னு அவன்ட்ட திருப்பித் திருப்பிக் கேட்டேன். "எல்லாம் சேத்துதான் அண்ணாச்சி, ராஜா மாதிரி போய் ஏறுங்க"ன்னான். கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். டிக்கெட்னா என்னன்னு எனக்கு ஒருத்தன் சொல்லித்தர வேண்டாம். அவன் வாயால சொல்ல வச்சிட்டுதான் கடையவிட்டு எறங்கினேன்.

மக கோமுவுக்கு எட்டாம் மாசம். முந்தி ரெண்டு தடவ தங்கல. இந்தத் தடவ அங்க உள்ள டாக்டரம்மா பிளைட்டுலயே ஏறக்கூடாதுன்னுட்டாங்களாம். என் வீட்டுக்காரி வேலம்மா இருந்தா இந்நேரம் மகளுக்கு முன்னால போய் உக்காந்திருப்பா. அவ போய்ச் சேந்து மூணு வருசமாச்சு. அதனால பேறுகாலம் பாக்க நான் போறேன்.

தெருவே சிரிக்கி. எதுத்த வீட்டு சண்முகத்தாய், "அண்ணாச்சி, நீங்க போயி என்னத்தப் பாப்பீங்க? பிள்ள அழுதா விசில் ஊதுவீங்களோ?"ங்கா. சிரிக்கட்டும். மொளகு கொழம்பு வைக்கப் படிச்சிட்டேன். லேகியம் அவளையே கிண்ட வச்சு வாங்கிட்டேன்.

கோமு போன்ல சொன்னா: "அப்பா, நீங்க வந்து ஒண்ணும் செய்ய வேண்டாம். பக்கத்துல உக்காந்திருந்தா போதும். அம்மா இருந்தாப்ல இருக்கும்."

"ஏட்டி, நர்ஸ் கைல இருந்து பிள்ளைய மொத ஆளா நான்தான் வாங்குவேன். உன் மாப்ளயெல்லாம் பெறகுதான்"ன்னு இப்பவே சொல்லி வச்சிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பெட்டி கட்டுதேன். வசம்பு, கருப்பட்டி, லேகியம், நல்லெண்ணெய். எல்லாம் போக, ஒரு துணிப்பைல வேலம்மா சேல நாலு.

எங்க வீடுகள்ல பெறந்த பிள்ளைய புதுத்துணில போட மாட்டோம். ஆச்சி கட்டிப் பழசான நூல் சேலைலதான் மொத மொதல்ல கெடத்தணும். வேலம்மா படுக்கைல விழுந்த பெறகும் அந்த நெனப்பாவே இருந்தா. சுங்குடிச் சேல நாலத் தனியா எடுத்து வைக்கச் சொன்னா. "கோமு பிள்ளைக்கு. எவளுக்கும் தூக்கிக் குடுத்துராதீங்க"ன்னா. நான் குடுக்கல. துவைச்சுத் துவைச்சு வெண்ணெய் மாதிரி இருக்கு.

பெட்டிய பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போய் தராசுல வச்சுப் பாத்தேன். டிராவல்ஸ்காரன் சொன்ன வெயிட்டுக்குச் சரியா இருக்கு. துணிப்பை கைல போறது, அதக் கணக்குல சேக்க மாட்டாங்கன்னு மார்க்கெட்ல எல்லாரும் ஒண்ணுபோலச் சொன்னாங்க.

என் சர்வீஸ்ல எத்தன பேருக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருப்பேன்! ஆட்டுக்குட்டி, கோழிக்கூட, உரமூட, ஒரு தடவ கல்யாணக் கட்டிலு. ஆனா ஏத்துறதுக்கு முன்னாலயே கீழ நிக்க வச்சுச் சொல்லிப்புடுவேன், "இதுக்கு இவ்வளவு ஆவும், சம்மதம்னா ஏறு"ன்னு. காச வாங்கினதும் டிக்கெட் கைல போயிரணும். காச வாங்கிட்டு டிக்கெட் குடுக்காத கண்டக்டருக்குத் திருட்டுப்பயன்னு பேரு. நான் அந்தப் பேரு வாங்கல.

பிப்ரவரி 9, திங்கள்

ஏர்போர்ட்டுக்குக் கெளம்பி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். கோமுவுக்குப் பனிக்குடம் உடைஞ்சிட்டாம், ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம். நல்லவேளை, நாளைக்கே பிளைட்டு இருக்கு. சங்கரநாராயணா, நீதான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஏர்போர்ட் வாசல்ல தரைல உக்காந்து எழுதுதேன். பிளைட்டு போயிட்டு. நான் போகல.

நடந்தத நடந்தபடி எழுதி வைக்கேன். புகார் குடுக்கும்போது ஒரு எழுத்து மாறக்கூடாது.

கவுன்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. பாஸ்போர்ட்டப் பாத்தா, கம்ப்யூட்டரத் தட்டினா. "சார், நீங்க வெப் செக்-இன் பண்ணலையே"ன்னா. அப்படின்னா? வீட்ல இருந்தே போன்ல நானே பண்ணிருக்கணுமாம். பண்ணாம வந்தா கவுன்டர்ல சீட்டு போடுறதுக்கு ஒரு காசாம். சரின்னு பல்லக் கடிச்சிட்டு நின்னேன். பெட்டிய ஏத்தினா, வெயிட் சரியா இருந்துச்சு. பெறகு தோள்ல கெடந்த துணிப்பையக் காட்டி "அதையும் வைங்க"ன்னா. "அது கைப்பைம்மா, பழைய சேல"ன்னேன். "இந்த டிக்கெட்டுக்கு ரெண்டையும் சேத்துதான் சார் வெயிட்டு"ன்னு அதுக்கொரு காசு சொன்னா. அதுவும் பத்தாதுன்னு, இந்த ஏர்போர்ட்ட விட்டுக் கெளம்புறதுக்கே புதுசா ஒரு கட்டணம் போட்டிருக்காங்களாம். டிக்கெட்ல அது சேரலையாம், இப்பவே கட்டணுமாம்.

அட சவமே! உள்ள வாறதுக்கு இல்ல, வெளிய போறதுக்குக் காசு!

என்ட்ட காசு இல்லாம இல்ல. பைல இருந்துச்சு. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? "ஏம்மா, ஏறுற நேரத்துல வந்து கழுத்தப் பிடிக்கியே, மொதல்லயே சொல்லுறதுக்கு என்ன? சரி, ரசீதக் குடு, கட்டுதேன்"ன்னேன். அவ, "அந்தக் கடைசி கவுன்டர்ல போய்க் கட்டினாதான் சார் ரசீது"ன்னா. "ரசீதக் கண்ணுல காட்டு, பெறகு கட்டுதேன்"ன்னேன். "அப்படி முடியாது சார், டைம் ஆகுது, பிளீஸ்"ன்னா. நான் அசையல. பின்னால வரிசைல நின்ன குடும்பத்துக்கும் இதே கத. அந்தாளு பொண்டாட்டிட்ட முணுமுணுத்துக்கிட்டே போய்க் கட்டிட்டு வந்துட்டான். முதுகெலும்பு இல்லாத பய. ஆனா அவனுக்குப் பின்னால ஒரு பையன், "பெரியவர் கேக்குறது கரெக்ட்டு"ன்னு சத்தமாச் சொன்னான். எனக்கு இன்னும் ஏறிட்டு.

அந்நேரம் மாப்ள போன் பண்ணாரு. விசயத்தச் சொன்னேன். "மாமா, இங்க வலி வந்துட்டு. அந்தக் காச நான் இங்க இருந்தே கார்டுல கட்டிருதேன். போன அந்தப் பிள்ளைட்ட குடுங்க"ன்னாரு. பின்னால ஏதோ மிஷின் டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு.

"நீங்க சும்மா இருங்க மாப்ள! உங்க காசு மட்டும் மரத்துலயா காய்க்கி? இவங்கள இன்னைக்கு விட்டா நாளைக்கு மூச்சு விடுறதுக்கும் கேப்பாங்க. இந்த பிளைட்டு போனா அடுத்த பிளைட்டு. ஒரு நாள் பிந்தினா பிள்ள எங்கயும் ஓடியா போயிரும்?"ன்னேன். வரிசைல எல்லாரும் சிரிச்சிட்டாங்க.

பெறகு கோட்டு போட்ட ஒருத்தன் வந்து, கவுன்டர மூடப்போறோம்னான். சரி, கழுதைய விட்டொழிப்போம்னு கடைசி கவுன்டருக்கு ஓடினேன். அங்க ஒரு வரிசை. கட்டி, ரசீத வாங்கிட்டுத் திரும்பி ஓடி வந்தா, அந்தப் பொண்ணு வெளக்க அணைச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. கோட்டு போட்டவன் கையப் பிசையுதான். கால்ல விழாத கொறையாக் கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டான்.

ரசீது கைல இருக்கு. பிளைட்டு இல்ல.

எல்லாம் அந்தப் பொண்ணால. ஒரு நிமிசம் பொறுத்திருந்தா அவ சொத்தா போயிரும்?

பிப்ரவரி 11, புதன்

பேத்தி பெறந்திருக்கா! நேத்து ராத்திரி. எட்டு மாசப் பிள்ளைங்கதால கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்களாம். மாப்ள போட்டோ அனுப்பினாரு. தொப்பியும் குழாயுமா இருக்கு, முகம் சரியாத் தெரியல. நான் தங்கிருக்க லாட்ஜ்ல பக்கத்து ரூம்காரனக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் யாருன்னே தெரியாது. டீ வாங்கிக் குடுத்தேன்.

நாளைக்கு வேற கம்பெனி பிளைட்ல டிக்கெட் போட்டிருக்காரு மாப்ள. "மாமா, கோமுட்ட பனிமூட்டத்துல பிளைட்டு கேன்சல்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க"ன்னாரு. சரின்னேன். அதுல பொய் என்ன இருக்கு? எனக்கு அது கேன்சல்தான.

கோமு ரெண்டு வார்த்த பேசினா. குரலே இல்ல. "அப்பா, மூக்கு உங்க மூக்குப்பா. அம்மா சேலைய மறந்துராம எடுத்துட்டு வாங்க. கண்ணாடிப் பெட்டில இருந்து பிள்ளைய எடுத்த ஒடனே அதுலதான் போடணும்"ன்னா. நான் பனிமூட்டத்தப் பத்திச் சொன்னேன். "சரிப்பா"ன்னா.

மிச்ச நேரமெல்லாம் உக்காந்து கம்பெனிக்குப் புகார் எழுதினேன். நல்லாவே வந்திருக்கு. லாட்ஜ் மேனேஜர் கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்பித் தந்தான். "சார், நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்"ன்னான்.

பிப்ரவரி 12, வியாழன்

ஏறிட்டேன். கேட்டதெல்லாம் கட்டிட்டேன். வாயத் தொறக்கல. ஜன்னல் சீட்டு. துணிப்பை மடில இருக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

நேத்து எறங்கின பெறகு எழுத முடியல.

மாப்ள மட்டும் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாரு. தூரத்துலயே அவர் முகத்தப் பாத்துட்டேன். கிட்டப் போனேன். "மாமா"ன்னாரு. டிராலியத் தள்ளிக்கிட்டு ரெண்டு பேரும் காருக்கு நடந்தோம்.

நேத்து விடியக்கால பிள்ள மூச்ச நிறுத்திட்டு. கோமு கைல கொஞ்ச நேரம் குடுத்தாங்களாம். பச்சப்பிள்ளைய வச்சிருக்க வேண்டாம்னு கூட இருந்தவங்க சொல்லி, மத்தியானத்துக்குள்ள மாப்ளயே தூக்கிட்டுப் போய் அடக்கம் பண்ணிட்டாரு. நான் அப்ப மேல பறந்துக்கிட்டு இருந்தேன். ஆரஞ்சு ஜூஸ் குடுத்தாங்க, குடிச்சேன்.

ஆஸ்பத்திரி வெள்ளத்துணில சுத்தித்தான் கொண்டு போனாராம்.

கோமு ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஒருச்சாச்சுப் படுத்திருந்தா. என்னப் பாத்ததும், "வந்துட்டீங்களாப்பா"ன்னா. நான் துணிப்பையக் கீழ வச்சேன். அத எங்க வைக்கன்னு தெரியல. கட்டிலுக்கு அடில தள்ளிட்டேன். பிள்ளைய வாங்குவேன்னு சொன்ன கை ரெண்டும் சும்மா தொங்குது. என் தங்கமே, உன் முகம் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாதே.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். மொளகு கொழம்பு வச்சேன். பிள்ள இருந்தாலும் இல்லாட்டாலும் பெத்த வயிறு பெத்த வயிறுதான. ரெண்டு வாய் தின்னா.

மத்தியானம் அவ காய்ச்சல் வந்தாப்ல அனத்தினா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா, செவரப் பாத்துத் திரும்பிக்கிடுதா. மேல் வீட்ல ரஹ்மத்தம்மான்னு கடையநல்லூர்க்காரங்க இருக்காங்க. அவங்களக் கூப்பிட்டேன். உள்ள போய்ப் பாத்துட்டு வந்து, "அண்ணே, கோமுவுக்குப் பால் கட்டிக்கிட்டு. குடிக்க ஆள் இல்லன்னு அதுக்குத் தெரியுமா? மல்லியப்பூ வாங்கிட்டு வாங்க. வச்சுக் கட்டினா வத்திரும்"ன்னாங்க.

எங்க ஊர்ல தெருவெல்லாம் மல்லிதான். மார்க்கெட்ல கூட கூடயாக் கொட்டிக் கெடக்கும். இங்க வெயில்ல கட கடயா அலைஞ்சேன். ஒரு மலையாளத்துப் பூக்கடைல இருந்துச்சு. "கல்யாணமா?"ன்னு கேட்டான். ஆமான்னுட்டேன்.

கட்டுறதுக்கு மெத்துன்னு துணி வேணும்னாங்க ரஹ்மத்தம்மா. ஆஸ்பத்திரில இருந்து கொண்டாந்து மூலைல போட்டிருந்த துணிப்பைய எடுத்தேன். ஊதாக் கலர் சுங்குடி. நானே கிழிச்சுக் குடுத்தேன். பழைய சேலதான, சத்தமே வரல. கதவச் சாத்திக்கிட்டாங்க. நான் சமையக்கட்டுல கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

பிப்ரவரி 18, புதன்

பாத்திரம் கழுவினேன். அரிசி முடிஞ்சிட்டு, வாங்கணும்.

பிப்ரவரி 20, வெள்ளி

கம்பெனில இருந்து பதில் வந்திருக்கு. மாப்ள போனப் பாத்து வாசிச்சுக் காட்டினாரு. வருந்துறாங்களாம். விதிப்படிதான் எல்லாம் நடந்திருக்காம். அடுத்த தடவ போகும்போது கழிச்சுக்கிடச் சலுகைக் கூப்பன் ஒண்ணு அனுப்பிருக்காங்களாம்.

"கூப்பனா? எனக்கா? தூக்கி எறியுங்க மாப்ள அந்தச் சவத்த!"ன்னு கத்தினேன். "மறுபடி எழுதுவேன். அந்தப் பொண்ணு பேரக் கேட்டு எழுதுவேன். அவ அன்னைக்கு..."

மாப்ள, "விடுங்க மாமா"ன்னாரு. அவ்வளவுதான். தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நல்ல மனுசன். அவர் என்னய ஏசிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லாருந்திருக்கும்.

நான் கேட்டது நியாயம். யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க, நியாயம்.

இதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதி அடிச்சிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

மாப்ள கூட பிள்ளைய வச்ச எடத்துக்குப் போனேன். கோமு வரல. சரளைக்கல்லு, வெயிலு. சின்னச் சின்ன மேடா வரிசையா இருக்கு, எது நம்ம பிள்ளன்னு எனக்குத் தெரியல. மாப்ள நேராப் போய் நின்னாரு. கோமுவுக்குக் கட்டினது போக மிஞ்சின ஊதாச் சேலத் துண்ட எடுத்துட்டுப் போயிருந்தேன். மேட்டு மேல விரிச்சு, நாலு மூலைக்கும் கல்லு வச்சேன். "காத்துல பறந்துரும் மாமா"ன்னாரு. "பறக்கட்டும்"னேன். உக்காந்து கல்ல நல்லா அமுக்கினேன்.

மார்ச் 8, ஞாயிறு

பிளைட்டுக்குள்ள எழுதுதேன்.

கோமு ஏர்போர்ட்டுக்கு வருவான்னு நான் நெனைக்கல. வீட்ட விட்டு வெளிய வாறது இதுதான் மொத தடவ. மாப்ள காரப் போடப் போயிட்டாரு. நானும் அவளும் வரிசைல நின்னோம். சேல மூணுல ஒண்ண அவ வச்சிக்கிட்டா, மத்தது பைல. போகும்போது ரஹ்மத்தம்மா பேரீச்சம்பழம் வேற அள்ளிக் குடுத்திருந்தாங்க.

கவுன்டர்ல இருந்த பொண்ணு துணிப்பையப் பாத்தா. அதையும் வைக்கச் சொன்னா. வெயிட்டு கூடன்னா. காசு சொன்னா.

எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. பழக்கம். என்னயறியாம, "ஏம்மா, டிக்கெட் எடுக்கும்போது..."ன்னு ஆரம்பிச்சிட்டேன்.

கோமு என் கைய மெதுவாப் பிடிச்சா.

"கட்டிருங்கப்பா. இந்தத் தடவயாவது சண்ட போடாதீங்க."

இந்தத் தடவயாவதுன்னா? பனிமூட்டம்னுதான அவட்ட சொல்லிருந்தோம்? நான் அவ முகத்தப் பாத்தேன். அவ பைல பிரிஞ்சு கெடந்த கயித்த முடிஞ்சுக்கிட்டே பேசினா.

"அன்னைக்கு அவுக போன ஸ்பீக்கர்ல போட்டிருந்தாகப்பா. எனக்கு வலி தாங்கல. அப்பா பேசினாத் தெம்பா இருக்கும்னு நான்தான் போடச் சொன்னேன். நீங்க பேசினது பூராக் கேட்டுச்சு."

நான் பாஸ்போர்ட்டப் பிரிச்சுப் பிரிச்சு மூடினேன்.

"பிள்ள எங்கயும் ஓடியா போயிரும்னு கேட்டீங்கல்லா? அதக் கேட்டு நான் சிரிச்சேன்ப்பா. அந்த வலிலயும் சிரிச்சேன். அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், எங்கயும் போகாதுன்னு நெனச்சேன்."

கோவமாச் சொல்லல. சண்ட போட்டிருந்தாக்கூட நான் பதில் சொல்லிருப்பேன். முடிச்சு நல்லா விழுந்திருக்கான்னு இழுத்துப் பாத்துட்டு, பைய என் கைல குடுத்தா. "ஊருக்குப் போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க. கொழம்புப் பொடி தீந்துட்டு, அனுப்பி வைங்க"ன்னா.

நான் பைய எடைல வச்சேன். அந்தப் பொண்ணு கேட்டதக் கட்டினேன். "சார், உங்க ரசீது"ன்னு பின்னால கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. நான் திரும்பல.